உன்னிடம் என்ன இருக்கிறது?

கிளிநொச்சி நகரிலிருந்து ஏ-9 வீதியில் முறிகண்டிப் பக்கமாகப் போனால் அறிவியல் நகர் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம், தொழில்நுட்ப பீடம், விவசாய பீடம் மூன்றும் இன்று அங்கேதான் இயங்குகின்றன. அங்கே கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஏதாவதொரு கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை இறக்கி, தன் கணினியில் தானே கட்டி எடுக்க முனைந்தால், தொடக்கத்தில் திரையில் ஓடுவது கேள்வியும் பதிலும்தான். சி மொழித் தொகுப்பி இருக்கிறதா? இருக்கிறது. அது ஆக்கித் தரும் நிரல் ஓடுகிறதா? ஓடுகிறது. முழு எண் ஒன்றுக்கு எத்தனை பைட்? நான்கு. கணிதச் சார்புகள் தனி லைப்ரரியிலா இருக்கின்றன? ஆம். நடுவே ஒரு விசித்திரமான கேள்வியும் வரும்: கட்டும் சூழல் சித்தசுவாதீனத்தோடு இருக்கிறதா?

கேட்பது கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட். பதில்களையெல்லாம் சேர்த்து அந்தக் கணினிக்கென்றே ஒரு வேலைத்திட்டத்தை அது எழுதிக் கொடுக்கும். கட்டுமானம் அதன் பிறகுதான் தொடங்கும். பெரும்பாலானோர் இந்த வரிகளைப் படிப்பதில்லை. எனக்கோ கணினி உலகில் நடக்கும் மிக நாகரிகமான உரையாடல் இதுவாகத்தான் தெரிகிறது. எங்கோ ஒரு நாட்டில் எழுதப்பட்ட மென்பொருள், முன்பின் அறியாத ஒரு கணினியிடம் வந்து, "உன்னிடம் என்ன இருக்கிறது? அதை வைத்தே பார்ப்போம்" என்கிறது. பழைய கணினிகளே கதியென்று இருக்கும் ஓர் ஊரில் இந்தக் கேள்வியின் பெறுமதி தெரியும்.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து வருவோம். மனிதர் எழுதும் மூலநிரல் புரோசசருக்கு விளங்காது. தொகுப்பி என்ற இன்னொரு மென்பொருள் அதை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். சின்ன நிரலுக்கு ஒரு கட்டளை போதும். ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட மென்பொருளில் எதை முதலில் தொகுப்பது, எதை எதோடு இணைப்பது, ஒரு கோப்பில் ஒரு வரி மாறினால் எவற்றை மட்டும் திரும்பத் தொகுப்பது என்பதே பெரிய வேலையாகிவிடும். அந்த வேலையைச் செய்யும் கட்டளைத் தொடரைத்தான் பில்ட் ஸ்கிரிப்ட் என்கிறார்கள். 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவி இதற்கு வழி திறந்தது. மேக்கின் விதிக்கோப்பில் கட்டளை வரி ஒரு டாப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாக எட்டு வெற்றிடம் விட்டாலும் ஏற்காது. இது நல்ல ஏற்பாடல்ல என்பது ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே விளங்கிவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகளைக் குழப்ப மனமில்லாமல் அப்படியே விட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த டாப் ஐம்பது வருடமாக அப்படியே இருக்கிறது.

1980களில் யுனிக்ஸ் இயங்குதளம் பல கிளையாகப் பிரிந்தது. சன், எச்பி, ஐபிஎம், டிஜிட்டல் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் யுனிக்ஸை விற்றது. பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் இன்னொரு பக்கம் வளர்ந்தது. ஒன்றில் இருக்கும் சார்பு மற்றதில் இல்லை. இருந்தாலும் பெயர் வேறு, அல்லது பெயர் ஒன்று நடத்தை வேறு. ஒரே மென்பொருளை எல்லாவற்றிலும் ஓடவைக்க விரும்பியவர்கள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கையால் திருத்திய விதிக்கோப்பு வைத்திருந்தார்கள். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் க்னூ திட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்த டேவிட் மக்கென்சி 1991இல் இதற்கு ஒரு முடிவு தேடினார். அவர் எழுதத் தொடங்கியதுதான் ஓட்டோகான்ஃப். கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை ஆக்கித் தரும் கருவி.

இதில் ஒரு கோழி முட்டைச் சிக்கல் உண்டு. கணினியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் ஓடுவதற்கு எதுவும் வேண்டுமென்றால், அது இருக்கிறதா என்பதை யார் பார்ப்பது? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ கழித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. மண்ணெண்ணெயிலிருந்து தீப்பற்றும் அளவு ஆவி எழ ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும், பெற்றோலோ உறைநிலைக்கு மிகக் கீழேயும் ஆவியாகும். அதனால் சில துளி பெற்றோல் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மக்கென்சியின் தீர்வும் இதுதான். எல்லா யுனிக்ஸிலும் தவறாமல் கிடைக்கும் ஒரே பொருளான ஷெல் என்ற கட்டளை வாங்கும் நிரலை, அதிலும் ஸ்டீபன் போர்ன் எழுதி 1979இல் வெளியான ஷெல்லின் மிகப் பழைய, மிகக் குறைந்த பகுதியை மட்டும் தொட்டு, கான்ஃபிகர் தன்னைக் கிளப்பிக்கொள்கிறது. பிறகு தொகுப்பியைத் தேடிப் பிடித்து மற்றவற்றை அதைக் கொண்டு கண்டறிகிறது.

கண்டறியும் முறையும் அழகானது. ஒரு சார்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? அந்தச் சார்பை அழைக்கும் நாலைந்து வரி சி நிரலொன்றை அப்போதே எழுதித் தொகுப்பியிடம் கொடுக்கும். தொகுத்து இணைந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு, "ஓ, நீ இன்னாரா, அப்படியானால் உன்னிடம் இது இருக்காது" என்று முடிவு செய்வதில்லை. பழைய ஊகங்கள் பொய்க்கும். செய்து பார்த்த சோதனை அந்தக் கணினியைப் பற்றிய உண்மையைச் சொல்லும்.

பெயரைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இதே கருவிக்குள் இருக்கிறது. இயந்திரத்தின் வகையை ஊகிக்கும் ஒரு துணைக்கோப்பு கான்ஃபிகருடன் சேர்ந்து வரும். 64 பிட் ஏஆர்எம் புரோசசர்கள் பரவத் தொடங்கியபோது, அவற்றுக்கு முன்பே வெளியான எண்ணற்ற மென்பொருள்கள் முதல் அடியிலேயே நின்றுவிட்டன: "இந்த இயந்திரத்தை எனக்குத் தெரியாது." மூலநிரலில் பெரும்பாலும் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு துணைக்கோப்பைப் புதியதால் மாற்றியதும் ஒரு வரி திருத்தாமல் கட்டப்பட்டவை ஏராளம். ராஸ்ப்பெரி பை போன்ற மலிவான சிறு கணினியை வாங்கி ஏதாவது செய்யப் பார்க்கும் மாணவர் இன்றும் இதில் முட்டிக்கொள்ளக்கூடும்.

ஷெல்லில் கவனமாக எழுதுவது பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் இடறல்கள் அங்கேதான் நிறைய. திரையில் ஒரு சொல்லை எழுதும் எக்கோ கட்டளையையே எடுத்துக்கொள்ளுங்கள். வரியை முறிக்காமல் எழுது என்பதற்குப் பேர்க்லி மரபில் ஒரு குறி, சிஸ்டம் ஃபைவ் என்ற யுனிக்ஸ் கிளையின் மரபில் வேறொன்று. ஒன்று எழுதும் குறியை மற்றது அப்படியே திரையில் அச்சிட்டுவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் எக்கோவை விட்டு பிரிண்ட்எஃப் கட்டளையை எடுப்பார்கள். கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் செட் கட்டளை லினக்ஸில் ஒரு விதம், மக்கில் இன்னொரு விதம். இரண்டு சொற்கள் சமமா என்று பார்க்க ஒற்றைச் சமக்குறிதான் பொது நியமம். பாஷ் ஷெல் இரட்டைச் சமக்குறியையும் ஏற்றுக்கொள்வதால் பலருக்கு அதுவே கைப்பழக்கமாகிவிட்டது. 2006இல் வெளியான உபுண்டு 6.10 என்ற லினக்ஸ் பதிப்பு, கணினி விரைவாகக் கிளம்ப வேண்டுமென்று தன் அடிப்படை ஷெல்லை டாஷ் என்ற சிறிய ஷெல்லுக்கு மாற்றியது. அதுவரை தங்கள் ஸ்கிரிப்டுகள் எங்கும் ஓடுமென்று நம்பியிருந்தவர்களுக்கு, அவை பாஷில் மட்டுமே ஓடுபவை என்பது அப்போதுதான் தெரியவந்தது. 2011இல் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 6.0 பதிப்பும் அதே வழியில் போனது. ஷெல்லுக்கும் கட்டளைகளுக்குமான போசிக்ஸ் நியமம் 1992இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதைத் திறந்து பார்க்காமல் தன் கணினியில் ஓடினால் சரியென்று இருந்ததன் விலை அது.

பழைய இயங்குதளம் என்றதும் தூசி படிந்த பெட்டிக் கணினிதான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று கடையில் வாங்கும் புத்தம்புது மக் கணினியில் ஆப்பிள் வைத்து அனுப்பும் பாஷ் 3.2 ஆம் பதிப்பு. அந்தப் பதிப்பு முதலில் வெளியானது 2006இல். ஆப்பிள் தரும் மேக்கும் அதே வருடத்து 3.81தான். அதற்குப் பிந்தைய பதிப்புகளின் உரிம நிபந்தனைகளை ஏற்க ஆப்பிள் விரும்பவில்லை. ஆகவே பழைய கணினிக்காகக் கவனமாக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், உலகின் விலையுயர்ந்த கணினிகளிலும் தடையின்றி ஓடுகிறது.

சித்தசுவாதீனம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்கும்போது கான்ஃபிகர் புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கி, அது தன்னைவிடப் புதியதா என்று நேரமுத்திரையைப் பார்க்கும். இப்போது பிறந்த கோப்பு, எப்போதோ எழுதப்பட்ட ஸ்கிரிப்டைவிடப் பழையதாகத் தெரிந்தால் கணினியின் கடிகாரம் பிழை. வேலையை அங்கேயே நிறுத்திவிடும். இது வேடிக்கைக்கு வைத்த சோதனையல்ல. எதைத் திரும்பத் தொகுக்க வேண்டும் என்பதை மேக் முழுக்க முழுக்கக் கோப்புகளின் நேரத்தை வைத்தே தீர்மானிக்கிறது. தாய்ப்பலகையில் இருக்கும் காசளவு லித்தியம் பற்றரி செத்துப்போனால், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய ஏதோ ஒரு வருடத்துக்குத் திரும்பும். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கணினிகளிலும், யாரோ பாவித்துக் கழித்த கணினிகளிலும் இது சாதாரணம். மாணவர் நிரலைத் திருத்துவார், மேக் "எல்லாம் புதிதாகவே இருக்கிறது" என்று சொல்லித் தொகுக்காமல் விட்டுவிடும், பிழை நிரலிலா கணினியிலா என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். குற்றம் கைக்காசுக்கு வாங்கக்கூடிய பற்றரியில். வன்னிக்குள் பற்றரி கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று கடையில் கிடைக்கிறது. முதலில் அதை மாற்றிவிட வேண்டும்.

மூலநிரலைக் கட்டுவது ஒன்று. கட்டி முடித்ததைப் பழைய கணினிக்குக் கொடுப்பது வேறு. லினக்ஸில் ஏறத்தாழ எல்லா மென்பொருளும் சாய்ந்து நிற்பது க்னூவின் சி லைப்ரரியில். புதிய லினக்ஸில் கட்டிய மென்பொருளைப் பழைய லினக்ஸில் ஓட்டினால், "எனக்கு இன்ன பதிப்பு வேண்டும், இங்கே இல்லை" என்று மறுக்கும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், ஏனென்றால் அந்த லைப்ரரி தன் பழைய வாக்குறுதிகளைக் கைவிடுவதில்லை. இதிலிருந்து வரும் விதி எளிது: எவ்வளவு பழைய கணினி வரை கொண்டுபோக நினைக்கிறீர்களோ, அந்தப் பழையதிலேயே கட்டுங்கள். 2016இல் பைத்தன் சமூகம் பலவகை லினக்ஸிலும் ஓடும் பொதிகளுக்கு ஒரு வரையறை எழுதியபோது, கட்டும் தளமாகத் தேர்ந்தது 2007இல் வெளியான சென்ட்ஓஎஸ் 5 என்ற இயங்குதளத்தை. உலகின் பல்லாயிரம் பேர் ஒரு கட்டளையில் நிறுவிக்கொண்ட பொதிகள், ஒன்பது வருடம் பழைய சூழலில் பிறந்தவை.

எவ்வளவு பழையது வரை போவது? எல்லையில்லாமல் போக முடியாது. லினக்ஸ் கருவே 2012 டிசெம்பரில் 386 புரோசசருக்கான ஆதரவை நீக்கியது. லினக்ஸ் பிறந்ததே அந்தப் புரோசசரில்தான். உபுண்டு 2017 ஒக்டோபரில் 32 பிட் மேசைக்கணினிக்கான நிறுவற் கோப்பை நிறுத்தியது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இலும் 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான நிறுவல் இல்லை. பராமரிப்பவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. அறிவித்து, அவகாசம் கொடுத்து விடுவதை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்வது கவனக்குறைவைத்தான். ஒரு வசதிக்காகப் பயன்படுத்திய புதிய குறியீடு, தேவையில்லாமல் சேர்த்த ஒரு கருவி, கட்டும் நடுவே இணையத்திலிருந்து இன்னும் நூறு பொதிகளை இறக்கும் பழக்கம்: இவை யாரும் முடிவெடுக்காமலே ஆட்களை வெளியே தள்ளுகின்றன. தொலைபேசிச் சமிக்ஞை வந்து வந்து போகும் கிராமத்தில் இருந்து கட்டுபவருக்கு அந்த நூற்றில் ஒன்று பாதியில் நின்றாலே எல்லாம் போச்சு. டெபியனின் கொள்கை இதில் கறாரானது: தன் பிரதான தொகுதியில் சேரும் எந்தப் பொதியும் கட்டப்படும்போது இணையத்தைத் தொடக்கூடாது.

கிடைத்த கணினியில் ஓடும் மென்பொருளுக்கு இலங்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரை உட்பட நாட்டின் கரையோரத்தைச் சிதைத்த பின், கொழும்பில் தன்னார்வக் கணினியாளர்கள் சில வாரங்களுக்குள் சகானாவை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் பற்றிய பதிவேடு அது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் பின்னர் அதை வளர்த்தது. பிஎச்பி மொழியில் எழுதியதால் அதைத் தொகுக்கவே வேண்டியதில்லை; சாதாரண வலைச்சேவையகம் ஓடும் கணினி போதும். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு அளித்தது.

என்னை மிகவும் வியக்கவைப்பது இனிச் சொல்லப்போவது. தொகுப்பியும் ஒரு மென்பொருள். அதையும் ஒரு தொகுப்பிதான் தொகுத்திருக்க வேண்டும். அதற்கு முந்தையதை? 1983ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதுக்காக ஆற்றிய உரையில் கென் தொம்சன் இதிலுள்ள ஆபத்தைக் காட்டினார். தொகுப்பியில் ஒரு கள்ளவழியை ஒளித்து, அந்தத் தொகுப்பி தன் அடுத்த பதிப்பைத் தொகுக்கும்போதும் அதே கள்ளவழியைச் சேர்க்கும்படி செய்துவிட்டால், மூலநிரல் முழுவதையும் வாசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தப்ப வேண்டுமென்றால் யாரோ தொகுத்துத் தந்ததை நம்பாமல் அடியிலிருந்து ஏற வேண்டும். அதைத்தான் கிக்ஸ் என்ற க்னூ திட்டத்தினர் செய்தார்கள். 2023 ஏப்ரலில் அவர்கள் அறிவித்தது: 22,000க்கு மேற்பட்ட பொதிகளின் வேர் இப்போது 357 பைட் அளவுள்ள ஒரே ஒரு நிரல். இந்தப் பத்தியின் எழுத்துகளைவிட மிகச் சிறியது. ஒருவர் உட்கார்ந்து பைட் பைட்டாக வாசித்துச் சரிபார்க்கலாம். ஓடும் லினக்ஸ் கரு ஒன்றும், வேலையை நடத்தும் துணை நிரலும் இன்னும் தேவைதான். ஆனாலும் முன்பு நம்பிக்கையின்பேரில் ஏற்க வேண்டியிருந்தது நூற்றுக்கணக்கான மெகாபைட்.

அந்த 357 பைட் இன்னும் கொஞ்சம் பெரிய நிரலைக் கட்டும், அது அடுத்ததை. இப்படி ஏறி ஏறி மெஸ் என்ற சிறிய தொகுப்பி, அதிலிருந்து டைனி சிசி, அதிலிருந்து க்னூவின் தொகுப்பியான ஜிசிசி. எந்த ஜிசிசி? 2001இல் வெளியான 2.95.3. இன்றைய ஜிசிசியைச் சிறிய தொகுப்பியால் கட்ட முடியாது. அது சி++ மொழியில் எழுதப்பட்டது, தொகுக்கவே வளர்ந்த தொகுப்பி வேண்டும். 2001இன் ஜிசிசியோ யாரிடம் என்ன இருக்குமென்று தெரியாமல், குறைந்ததை மட்டும் கேட்டு எழுதப்பட்டது. அந்தப் பணிவு 22 வருடத்துக்குப் பிறகு ஏணியின் ஒரு படியாக நின்று தாங்குகிறது. அதை எழுதியவர்களின் கண்ணில் இருந்தவை அன்றைய பழைய சன் இயந்திரங்களும் எச்பி இயந்திரங்களும். அவர்கள் செய்த உதவி வந்து சேர்ந்தது அவர்கள் கற்பனை செய்யாத எதிர்காலத்துக்கு.

இந்தக் கருவிக்கு ஓர் இருட்டுப் பக்கமும் உண்டு. முப்பது வருடச் சோதனைகள் குவிந்த கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் பல்லாயிரம் வரி நீளும். யாரும் வாசிப்பதில்லை. 2024 மார்ச் 29இல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார்: பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கற் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி இருக்கிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுத்தது அவருக்குக் கிடைத்த துப்புகளில் ஒன்று. கள்ளவழியைக் கிளப்பிய வரிகள் எங்கே இருந்தன? பில்ட் ஸ்கிரிப்டில். அதுவும் எல்லோரும் பார்க்கும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும். கள்ளவழியைச் செருகிய ஆள் அதே மென்பொருளின் இன்னொரு பில்ட் கோப்பில் செய்த வேலை இன்னும் நுட்பம். லாண்ட்லொக் என்ற பாதுகாப்பு வசதி இந்தக் கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலுக்குள் ஒரேயொரு முற்றுப்புள்ளி. அதனால் அந்தச் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் தொகுபடாது. பதில் எப்போதும் "இல்லை". பாதுகாப்பு வசதி சத்தமில்லாமல் அணைந்துவிடும். நேர்மையாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வியைப் பொய்க் கேள்வியாக்க ஒரு புள்ளி போதுமாக இருந்தது.

ஆகவே எல்லாக் கணினியிலும் ஓட வேண்டுமென்று எல்லாவற்றையும் கேட்டு வைப்பதும் பிழை. இன்று எங்கும் இருக்கும் சார்பை பழைய பழக்கத்தில் இன்னும் சோதிக்கும் வரிகளை நீக்கத் தயங்கக்கூடாது. தேவையான பத்துக் கேள்வி, ஒருவர் ஒரு மாலையில் வாசித்து முடிக்கும் நீளம், ஒவ்வொன்றும் ஏன் என்று ஒரு குறிப்பு. பழைய கணினிகளோடு நட்பாகவும் கள்வருக்கு இடம் கொடுக்காமலும் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அறிவியல் நகரிலும், வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவிலும் மென்பொருள் எழுதும் மாணவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் ஸ்கிரிப்டை டாஷ் ஷெல்லில் ஒருமுறை ஓட்டுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை கட்டுங்கள். பழைய கணினிகளைக் கழித்துவிட முன், இன்னும் உயிரோடு இருக்கும் ஒன்றுக்குப் புதிய பற்றரி போட்டு ஆய்வுகூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அதில் கட்டிப் பாருங்கள்.